முப்பத்து மூன்று மில்லிலீற்றர்

பழைய டீசல் கெப் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் முதல்நாள் இரவே விற்பவரிடம் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும்: "நாங்க வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்." நானும் மச்சானும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனோம். காலை ஆறரை மணிக்கு ஈச்சிலம்பற்றில் அந்த வீட்டு முற்றத்தில் இறங்கி, பொனட்டில் கையை வைத்தேன். இளஞ்சூடு. வெயில் இன்னும் வேலியைக்கூடத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

எங்களோடு வந்த வயதான மெக்கானிக் பொனட்டைத் தொடவே இல்லை. "தம்பி, வாகனத்தப் பாக்க முதல் அது நிண்ட நிலத்தப் பாருங்க" என்று குனிந்தார். மணலில் மூன்று கறை. முன்னால் கறுப்பு, அது என்ஜின் ஒயில். நடுவில் தேன்நிறம், கியர்ப்பெட்டி. பின்சக்கரத்தின் உட்பக்கம் இன்னொன்று: அது டிஃபரன்ஷியல் ஒயிலாகவும் இருக்கலாம், பிறேக் ஒயிலாகவும் இருக்கலாம். விரலில் தொட்டு மணந்து பார்த்தால் தெரிந்துவிடும். கியர் ஒயிலில் கந்தக நெடி அடிக்கும். பிறேக் ஒயிலில் அடிக்காது.

ஆனால் என் மனம் அந்த இளஞ்சூட்டிலேயே நின்றது. ஒருவர் அதிகாலையில் எழுந்து, யாருக்கும் தெரியாமல் என்ஜினை ஓடவிட்டு அணைத்து வைத்திருக்கிறார் என்றால், குளிர்ந்த என்ஜின் நம்மிடம் எதையோ சொல்லிவிடும் என்று அவர் அஞ்சுகிறார். அது என்ன?

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலைந்து தரம் வேகமாக அமுக்கிப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றைத் திடீரென்று சிறிய இடத்துக்குள் நெருக்கினால் நாம் செய்த வேலை அதற்குள் வெப்பமாகப் போய்ச் சேருகிறது. டீசல் என்ஜின் என்பது இந்தச் சூட்டை நம்பி வாழும் ஒரு பம்ப். பெற்றோல் என்ஜினில் இருப்பதுபோல் தீப்பொறி போட இங்கே ஒன்றுமில்லை. ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் ஓட்டிக் காட்டிய என்ஜின், எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி என்ஜின்கள் பத்து வீதத்தையே தட்டுத்தடுமாறித் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த வெற்றியின் இரகசியம் காற்றை மிகக் கடுமையாக நெருக்கியதுதான்.

நாங்கள் பார்க்கப் போனது டொயோட்டா ஹைலக்ஸ், எல்என்106 என்ற வகை. 1988 முதல் 1997 வரையிலான தலைமுறை. உள்ளே 3எல் என்ஜின்: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 96 மில்லிமீற்றர் விட்டம், 96 மில்லிமீற்றர் ஓட்டம். கணக்குப் போட்டால் மொத்தம் 2779 கனசென்ரிமீற்றர் வரும். அமுக்க விகிதம் 22.2க்கு 1. 30 பாகை செல்சியசில் உள்ளே போகும் காற்று, ஏட்டுக் கணக்கின்படி 760 பாகையைத் தாண்ட வேண்டும். சிலிண்டர்ச் சுவர் சூட்டைத் திருடுவதால் உண்மையில் 500, 600 பாகையோடு நின்றுவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 பாகையே போதும் என்பதால் அவ்வளவு கையிருப்பு கிடக்கிறது. என்ஜின் புதிதாக இருக்கும்வரை.

பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் நெருக்கும்போதே காற்று கசிகிறது. காலையில் இரும்பு குளிர்ந்திருக்கும்போது திருட்டும் அதிகம், கசிவும் அதிகம். கையிருப்பு கரைந்து, பற்றும் எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. அப்போதுதான் என்ஜின் பத்து விநாடி சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, மூன்று சிலிண்டரில் நொண்டி எழும். ஒருதரம் சூடாகிவிட்டால் இந்தக் கதை முழுக்க மறைந்துபோகும். ஆகவேதான் அந்த இளஞ்சூடு. நாங்கள் கோபப்படவில்லை. முற்றத்து நிழலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் அது ஆறும்வரை இருந்தோம். இப்படி இருந்துவிடும் பொறுமை, வாகனம் வாங்குபவனிடம் இருக்கக்கூடிய மிக மலிவான ஆயுதம்.

இத்தனை பாடுபட்டு முப்பது வயது வாகனத்தை ஏன் வாங்க வேண்டும் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே திரும்பத் திரும்பக் கைமாறின. பழசு பொன்னானது. ஆனால் ஈச்சிலம்பற்றில் இந்தத் தேவை இறக்குமதித் தடையைவிடப் பழையது, நிலத்திலிருந்து வருவது.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலுக்கு அண்மையில் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழ, மற்றது ஈச்சிலம்பற்றின் பக்கமாக வெருகலாறாகத் தெற்கே இறங்கி, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் எல்லை போட்டுக்கொண்டு கடல் சேர்கிறது. கார்த்திகை, மார்கழியில் அந்த ஆறு கரையை மதிப்பதில்லை. மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா, உப்பாறு, இறால்குழி, கங்கை, வெருகல் என்று இறங்கியும் ஏறியும் பாதைக்குக் காத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பாதை என்றால் வீதியல்ல, வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றவையும் பின்னால் வந்தன. பெருவீதி இப்போது காபெற். ஆனால் வயலுக்குள்ளும் முகத்துவாரக் கரைக்கும் போகிற வழி காபெற் அல்ல. நெல்மூட்டையும் ஐஸ் போட்ட மீன்பெட்டியும் அங்கிருந்துதான் வெளியே வரவேண்டும். லான்ட்மாஸ்டர் சேற்றில் போகும், திருகோணமலைச் சந்தைக்கு விடியமுன் போகாது. லொறி சந்தைக்குப் போகும், சேற்றில் போகாது. இரண்டையும் செய்வது ஃபோர்வீல் கெப் ஒன்றுதான்.

மீன்பெட்டி என்றதும் துரு நினைவுக்கு வருகிறது. கரையோர வாகனத்தில் என்ஜினைவிட முதலில் பார்க்க வேண்டியது செசியை. என்ஜினை மாற்றலாம், செசி போனால் வாகனமே போனது. உப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். நம் கரையோரத்தில் இரவெல்லாம் ஈரப்பதன் அதற்கு மேல்தான். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த இரும்பு ஒவ்வோர் இரவும் நனைகிறது. உப்புக் கரைசல் மின்னைக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேதிவினைக்கு வழி திறந்து கொடுக்கிறது. குளோரைட்டோ இரும்பின் மேல் தங்கப் பார்க்கும் காப்புப் படலத்தை உடைத்துக்கொண்டே இருக்கும்.

இதில் மீன் ஏற்றிய வாகனம் ஒரு படி மோசம். உருகும் ஐஸ்தண்ணீர் மீனின் உப்போடு சேர்ந்து, பின்பெட்டியின் ஓட்டை வழியாகச் செசியின் குழிவான உட்பக்கத்துக்குள் வடியும். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினாலும் உள்ளே கிடப்பது கிடக்கும். விற்பவர் "நெல்லுத்தான் ஏத்தினது" என்பார். பின்பெட்டியின் மூலையில் மூக்கை வைத்தால் போதும்.

துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் தகடு தகடாக வீங்கி உரிகிறது. அதை மறைக்கக் கறுப்புப் பூச்சு அடித்திருப்பார்கள். புதிதாகப் பளபளக்கும் அடிப்பூச்சைக் கண்டால் சந்தேகம் கூடவேண்டும், குறையக்கூடாது. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, சிறிய சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'கிண்' என்னும். உள்ளே அரித்த இரும்பு 'தொப்' என்னும். வில்லுத்தகடுகள் செசியோடு பூட்டும் கொக்கிகளின் அருகே இரண்டு தரம் தட்டுங்கள், சுமை முழுதும் அங்கேதான் இறங்குகிறது. செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடும் வேலையும் இதே குனிவில் முடிந்துவிடும். இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் எழுந்து வீட்டுக்கு வருவது நல்லது.

எங்கள் செசி 'கிண்' என்றது, பின்னால் ஓரிடம் தவிர. அடுத்ததாக மெக்கானிக் பின் டிஃபரன்ஷியலின் அடைப்பைக் கழற்றி ஒரு விரல் ஒயில் எடுத்துக் காட்டினார். பால்தேத்தண்ணி நிறம். எண்ணெயும் நீரும் பற்சக்கரத்தால் கடையப்பட்டுக் கலந்தால் அந்த நிறம் வரும். எங்கேயும் ஓட்டையில்லாத இரும்புப் பெட்டிக்குள் நீர் எப்படிப் போனது? ஓடிவந்த வாகனத்தில் அந்தப் பெட்டி 80 பாகைவரை சூடாயிருக்கும். அப்படியே வெருகல் வெள்ளத்துக்குள் இறக்கினால் சில நிமிடத்தில் 30 பாகைக்கு வரும். உள்ளே இருக்கும் காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு லீற்றர் காற்றுக்கு 140 மில்லிலீற்றர் வெற்றிடம். அதை நிரப்பப் பெட்டி மூச்சை இழுக்கிறது, சுற்றியிருப்பது தண்ணீர். இதற்காகவே மேலே மூச்சுக்குழல் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சின் ஓரத்து றப்பர் சீல் வழியாக நீர் ஏறும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு, ஒரு நீண்ட றப்பர்க் குழாயை மாட்டி, பின்பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலைதான் வரும். ஈச்சிலம்பற்றில் ஓடப்போகும் வாகனத்துக்கு இதைவிடச் சிறந்த மேம்படுத்தல் எனக்குத் தெரியாது. மச்சானுக்கு இது மேம்படுத்தலாகவே தெரியவில்லை, அவர் மனத்தில் டேர்போ ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு என்ஜின் ஆறியது. ஹீற்றர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து, திறப்பைத் திருகினோம். சிறிது நொண்டியது, வெள்ளைப் புகை. அரை நிமிடத்தில் சீரானது. வெள்ளைப் புகை எரியாமல் ஆவியான டீசல். உடனே நின்றால் மன்னிக்கலாம். நிற்காமல் இனிப்பு மணத்தோடு தொடர்ந்தால் அது ரேடியேற்றரின் குளிர்திரவம், என்ஜினின் தலைப்பகுதி வெடித்திருக்கலாம். நீலப் புகை எரியும் ஒயில். கறுப்புப் புகை காற்றுக்கு மிஞ்சிய டீசல், பெரும்பாலும் அது நோயல்ல, யாரோ பம்பின் திருகாணியைத் திருகிய கைவரிசை. 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கட்டாயம். பரிசோதனைக்கு முதல்நாள் திருகாணியை இறக்கி, மறுநாள் ஏற்றுகிற கலையில் நம்மவர்கள் தேர்ந்தவர்கள். ஆணியின் தலையில் பளிச்சென்று புதுச் சுரண்டல் தெரிந்தால் அந்தக் கலை இங்கேயும் நடந்திருக்கிறது.

பம்ப் என்றதும் மண்ணெண்ணெய்க் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களுக்குச் சில துளி பெற்றோல் காட்டி உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உலகமே வியந்த கெட்டித்தனம் அது. பழைய பெற்றோல் என்ஜின் அதைத் தாங்கிக்கொண்டது. டீசல் வாகனத்தில் வேறு சிக்கல். எரியும் விஷயத்தில் மண்ணெண்ணெய் அப்படி ஒன்றும் மோசமில்லை, உயவில்தான் தோற்கிறது. 3எல் போன்ற என்ஜின்களில் இருக்கும் சுழல் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதன் உயவு. உருளைக்கும் தண்டுக்கும் இடையே சில மைக்ரோன் இடைவெளிதான், தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த இடுக்கில் டீசல் படலமாக நிற்கும். மெல்லிய மண்ணெண்ணெய் நிற்காது, உலோகம் உலோகத்தைச் சுரண்டும்.

2021 இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ஆனது. அதே நாட்களில் மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்டில் அது 340க்கு ஏறும்வரை, இரண்டுக்கும் இடையே இருந்த அந்தப் பள்ளத்தில் எத்தனை பம்புகள் விழுந்தன என்று கணக்கெடுக்க யாருமில்லை. கொட்டியாரக் குடாவின் மறுகரையில், சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நின்றுகொண்டிருக்க, இந்தக் கரையில் நாம் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். அந்த ஆண்டைத் தாண்டிவந்த பழைய டீசல் வாகனத்தின் பம்ப் சந்தேகத்துக்குரியது. சூடான என்ஜினை அணைத்து உடனே மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். தேய்ந்த பம்ப் சூட்டில்தான் திணறும், ஏனெனில் சூட்டில் டீசல் இன்னும் மெலிகிறது. குளிரில் என்ஜினையும் சூட்டில் பம்பையும் சோதிக்க வேண்டும் என்பது நல்ல வேடிக்கை.

இனி அந்த முப்பத்து மூன்று மில்லிலீற்றர். 3எல் என்ஜினின் ஒரு சிலிண்டர் 695 மில்லிலீற்றர். 22.2 மடங்கு நெருக்கியபின் பிஸ்டனின் மேல் மிஞ்சும் இடம் 33 மில்லிலீற்றர். இரண்டு மேசைக்கரண்டியைவிடச் சொற்பம் கூட. காற்று நெருங்கும், நீர் நெருங்காது. காற்று இழுக்கும் வாய்வழியே ஒரு சிலிண்டருக்குள் இரண்டரை மேசைக்கரண்டி நீர் போய்விட்டால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. நின்றுவிடும். பின்னால் சுழலும் பாரச்சக்கரம் நிற்காது. இடையில் இருக்கும் இணைப்புத் தண்டு வளைகிறது, அல்லது சிலிண்டரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒன்பது மடங்கு நெருக்கும் பெற்றோல் என்ஜின் இதே அளவில் இருந்தால் 87 மில்லிலீற்றர் இடம் இருந்திருக்கும். டீசலுக்கு எது பலமோ, வெள்ளத்தில் அதுவே பலவீனம்.

ஆகவே ஆற்றுக்குள் என்ஜின் நின்றால் மறுபடி திறப்பைத் திருகக்கூடாது. தள்ளி ஏற்றி, ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றி, பின்பு சுழற்ற வேண்டும்; நீர் அந்த ஓட்டைகளால் பீறிட்டு வெளியேறும். ஸ்னோர்க்கல் என்று ஜன்னலோரமாக உயரும் காற்றுக்குழாயை மாட்டுவது நல்லதுதான், மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக அடைபட்டிருந்தால். பலபேர் வாகனத்தில் அது வெறும் கொம்பு, கீழே ஒரு மூட்டு வாய் பிளந்து கிடக்கும். அது உண்டாக்கும் துணிச்சல்தான் பெரிய ஆபத்து. கெபினின் தளம் இரண்டு சதுர மீற்றர் என்று வைத்தால், நீர் தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் வாகனம் 200 கிலோ எடை இழக்கிறது, உள்ளே நீர் புகும்வரை. எடை குறைந்தால் டயரின் பிடி குறையும். பக்கவாட்டில் ஆறு தள்ளிக்கொண்டேயிருக்கும். மிதக்கும் வாகனத்துக்கு நான்கு சக்கரம் இழுத்தாலும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதே பாதி உண்மை. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூட ஓட வேண்டும், அதற்காக அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இரண்டு பக்கத்துக்கும் விசையைச் சமமாகப் பங்கிடும், காவுதடி மாதிரி. காவுதடியின் ஒருபக்கக் குடத்தை எடுத்துவிட்டால் மறுபக்கக் குடத்தையும் தூக்க முடியாது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால் அதற்கு வேண்டிய விசை சொற்பம், எனவே தரையில் உறுதியாக நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான். முன்னச்சில் ஒன்று, பின்னச்சில் ஒன்று வழுக்கினால் ஃபோர்வீலும் நின்ற இடத்தில் நிற்கும். பலரும் கவனிக்காத செல்வம் அந்தச் சிறிய இரண்டாவது கியர்த்தடியில் இருக்கிறது. லோவில் போட்டால் இன்னொரு 2.28 மடங்கு. முதல் கியரின் ஏறத்தாழ நான்கு மடங்கு, டிஃபரன்ஷியலின் நாலரை மடங்கு, எல்லாவற்றையும் பெருக்கினால் நாற்பதைத் தாண்டும். 188 நியூட்டன்மீற்றர் தரும் சாது என்ஜின் சக்கரத்தில் 7000க்கு மேல் தருகிறது, அதுவும் மனிதன் நடக்கும் வேகத்தில், பதறாமல். ஆனால் காபெற் வீதியில் ஃபோர்வீலைப் போட்டுத் திருப்பாதீர்கள். முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். வளைவில் முன்சக்கரம் கூடத் தூரம் ஓடும். மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தாரில் விழுங்க முடியாமல் இரும்பு முறுக்கேறும்.

வாங்கியாயிற்று. மச்சான் பட்டியல் போட்டார்: பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், டேர்போ. பழைய வாகனத்தில் எந்த மாற்றமும் இலவசமில்லை. தொழிற்சாலை ஒவ்வொரு பாகத்திலும் விட்டுவைத்த கையிருப்பிலிருந்துதான் நாம் எடுத்துச் செலவழிக்கிறோம், முப்பது வருடம் அதில் ஏற்கெனவே கைவைத்துவிட்டது.

இந்த வகைக்கு 205 ஆர் 16 டயர் பொருந்தும். விட்டம் 743 மில்லிமீற்றர் அளவில். 265/75 ஆர் 16 போட்டால் 804. எட்டு வீதம் பெரிது. வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 65 ஓடுவீர்கள். பொலிஸ் கருவிக்கு வேகமானியின் கதை தெரியாது. இழுவையும் எட்டு வீதம் போகும், ஏனெனில் நீளமான கையால் தள்ளுவது போலாகிறது. பிறேக்கும் அதே எட்டு வீதத்தை இழக்கும்.

உயர்த்துவதில் இன்னும் நுட்பமான பொறி உண்டு. பின்னச்சுக்கும் செசிக்கும் இடையே ஒரு சிறு கம்பி ஓடி, ஒரு வால்வை அசைக்கும். சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழும், கம்பி அசைந்து பின் பிறேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டும். சுமையில்லாதபோது குறைக்கும், வெறும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வாகனம் சுழலாதிருக்க. நீங்கள் இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் அந்த வால்வுக்கு என்ன தெரியும்? வாகனம் எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது என்று நம்பும். ஆயிரம் கிலோ நெல்லோடு வரும்போதும் பின் பிறேக்கை அடக்கியே வைக்கும். புவியீர்ப்பு மையம் உயர்ந்து வளைவில் கவிழும் அபாயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தக் கம்பியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. உயர்த்தத்தான் வேண்டும் என்றால் கம்பியின் பிடியையும் அதே அளவு நகர்த்தும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

டேர்போ கவர்ச்சியானது, ஒப்புக்கொள்கிறேன். எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாயால் வீணே போகிறது. அதில் ஒரு பகுதியைப் பிடித்து விசிறி சுழற்றி, கூடக் காற்றைத் திணித்தால் கூட டீசல் எரிக்கலாம். அரை வளிமண்டல அமுக்கம் ஏற்றினால் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு காற்று. ஆனால் 3எல் என்ஜினை வடிவமைத்தவர்கள் 67 கிலோவாற்றுக்குத்தான் கணக்குப் போட்டார்கள். முழுச் சக்தியில் ரேடியேற்றர் வழியாக வெளியேற வேண்டிய வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. டேர்போ வந்தால் அதுவும் கூடும். உப்புக்காற்றில் செதில்கள் அரித்து, பாதிக் குழாய் அடைபட்ட முப்பது வயது ரேடியேற்றர் அதற்கு எங்கே போகும்? சூடு முதலில் தலைப்பகுதியில் வால்வுகளுக்கு நடுவே மெல்லிய வெடிப்பாகத் தெரியவரும். புதிய கொமன்ரெயில் என்ஜின் ஒன்றைத் தூக்கி வைப்பதும் நடக்கிறது. பழைய இன்ஜெக்டர் நூற்றுச் சொச்சம் பாரில் திறக்கும், புதியது ஆயிரம் பாருக்கு மேல் வேலை செய்யும். கானில் வாங்கும் டீசலில் கிடக்கும் தூசையும் தண்ணீரையும் பழையது பொறுக்கும், புதியது பொறுக்காது. என்ஜின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவும் வேண்டும்.

மெக்கானிக் தன் பட்டியலை வாயால் சொன்னார். ரைமிங் பெல்ற் முதலில்: ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்ற வேண்டியது, பழைய வாகனத்தில் மீற்றரை நம்ப முடியாததால் வாங்கிய அன்றே மாற்ற வேண்டியது. அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். மறுபடி அதே 33 மில்லிலீற்றர் நெருக்கடிதான். பிறகு ரேடியேற்றர். பிறகு பிறேக். டிஃபரன்ஷியல் ஒயிலும் மூச்சுக்குழாயும். பின்னால் 'தொப்' என்ற இடத்தில் தகடு வைத்து வெல்டிங். டயர் 205 ஆர் 16, புதிது. மச்சான் முகம் விழுந்தது. கையிலிருந்த காசு அதோடு முடிந்ததால் டேர்போ வாதமும் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து இலங்கைத்துறை முகத்துவாரத்தில் மீன்பெட்டி ஏற்றப் போனோம். மணலில் புதையத் தொடங்கியதும் இறங்கி, நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினோம். வாகனத்தின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் அமுக்கமும் தரையைத் தொடும் பரப்பும் சேர்ந்துதான். 35 இறாத்தல் அமுக்கத்தில் ஒரு டயர் விரித்த கையளவு மணலைத் தொடும், பாதியாக்கினால் அது ஏறத்தாழ இரண்டு கையளவாகும், பெரும்பாலும் நீளவாக்கில். லோவில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டதும் பெட்டிகளோடு ஏறி வந்தது.

வீதிக்கு வந்தபின் காற்றடிக்க வேண்டும். மச்சான் கொண்டுவந்திருந்தது சைக்கிள் பம்ப் ஒன்றுதான். ஒரு டயருக்கு நூற்றைம்பது தரத்துக்குக் குறையாது. இரண்டாவது டயரில் பம்பின் அடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். வாகனம் பார்க்கப் போன அன்று காலை பொனட்டில் இருந்ததைவிட நல்ல சூடு.